பதினொரு மடங்கு நேரம் எங்கே போனது? ஒலிப்பதிவு எழுத்தாக்கத்தில் ஒருவரின் ஐந்து மாதங்கள்

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் தரும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையை ஃப்ரீலான்ஸாக எடுத்துச் செய்யத் தொடங்கி, இரண்டே கோப்புகளை முடித்திருந்த ஒருவர், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று கேட்டு என்னைத் தொடர்புகொண்டார். அவர் பல ஆண்டுகள் டேட்டா என்ட்ரி செய்தவர். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 70 சொற்களைப் பிழையில்லாமல் அடிப்பவர். தமிழும் ஆங்கிலமும் கலந்து ஓடும் பேச்சை இரண்டு மொழியிலும் தடுமாறாமல் எழுதக்கூடியவர். இருந்தும், 42 நிமிட நேர்காணல் ஒன்றை முடிக்க அவருக்கு 7 மணி 50 நிமிடம், அதாவது ஒலியின் நீளத்தைப் போல 11 மடங்குக்கும் சற்று அதிகமான நேரம், ஆகியிருந்தது. அப்படி முடித்து அனுப்பியதும் 31 திருத்தங்களோடு திரும்பி வந்தது. பழைய கீபோர்டுதான் தாமதத்துக்குக் காரணம் என்று முடிவுகட்டி, நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை வாங்கி, அடுத்த 38 நிமிடக் கோப்பை அதில் அடித்தார். 6 மணி 50 நிமிடம் ஆனது. மடங்கு 10.8.

நான் இதே தொழிலில் இருப்பவள். இப்போது பெரும்பாலும் பிறர் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அதன்பின் ஐந்து மாதம் நாங்கள் இருவரும் செய்து பார்த்தவற்றை, அவருடைய ஒப்புதலோடு, அவர் யாரென்று தெரியாத வகையில் இங்கே பதிவு செய்கிறேன். இதில் என் தவறுகளும் இரண்டு இருக்கின்றன.

அளந்து பார்த்த ஒரு மணி நேரம்

முதல் உரையாடலிலேயே அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "அக்கா, நான் டைப் பண்றதுல ஸ்லோ இல்லையே, அப்புறம் ஏன் இவ்ளோ நேரம் ஆகுது?" அனுபவமுள்ளவர்கள் தெளிவான ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் எடுப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வழங்கும் கணக்கு, புதிதாக வருபவர்களுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை ஆவது இயல்பு. ஆங்கில உரையாடல் நிமிடத்துக்கு 150 சொற்கள் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 70 சொற்கள் அடிப்பவர் எங்கும் நிற்காமல் அடித்தால் ஒலியின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் ஆக வேண்டும். மீதி எட்டு ஒன்பது மடங்கு விரல்களால் வந்ததாக இருக்க முடியாது.

எங்கே போகிறது என்று ஊகிப்பதைவிடப் பார்த்துவிடலாம் என்று, அவர் வேலை செய்யும்போது திரையை ஒரு மணி நேரம் பதிவு செய்யச் சொன்னேன். அந்தப் பதிவை இருவரும் உட்கார்ந்து நொடிக்கணக்கில் பிரித்தோம். அந்த 60 நிமிடத்தில் அவர் கடந்திருந்த ஒலி 5 நிமிடம் 40 நொடி. உண்மையில் தட்டச்சில் செலவானது 19 நிமிடம். கையை மவுஸுக்குக் கொண்டுபோய், ஒலியை நிறுத்தி, பட்டையைப் பின்னுக்கு இழுத்து, இழுத்தது அதிகமாகிப் போனதால் திரும்ப முன்னுக்குத் தள்ளிய வகையில் 14 நிமிடம். புரியாத இடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் 16 நிமிடம். பெயர்களையும் கலைச்சொற்களையும் தேடிச் சரிபார்த்ததில் 6. பேசுபவர் பெயரையும் டைம்ஸ்டாம்பையும் (ஒலியில் அந்த இடம் வரும் நேரக்குறி) ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்ததில் 5.

தட்டச்சின் வேகத்தை அவர் இரட்டிப்பாக்கியிருந்தாலும் மணிக்குப் பத்து நிமிடம்கூட மிச்சமாகியிருக்காது என்பது அந்த எண்களிலேயே தெரிந்தது. என்ன வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது, எதைப் பழகுவது என்ற எல்லாவற்றையும் இந்த ஐந்து எண்களை வைத்தே முடிவு செய்தோம். கருவிப் பட்டியலோடு தொடங்கும் ஆலோசனைகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்: பட்டியல் எழுதியவருக்கு வாசிப்பவரின் 14 நிமிடம் எங்கே போகிறது என்று தெரியாது.

கை நகராமல் இருக்க

அவர் சாதாரண மியூசிக் பிளேயரில் ஒலியை ஓடவிட்டு, வேர்டில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு சாளரங்களுக்கு இடையே தாவுவதே வேலையாக இருந்தது. எழுத்தாக்கத்துக்கென்றே உள்ள மென்பொருள் எதுவானாலும் மூன்று வசதிகள் இருக்க வேண்டும்: கை விசைப்பலகையில் இருக்கும்போதே ஒலியை நிறுத்தவும் ஓடவிடவும் ஒரு விசை, நிறுத்தி மறுபடி ஓடவிடும்போது ஒலி தானாக ஓரிரு நொடி பின்னே போய்த் தொடங்குவது, சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. எக்ஸ்பிரஸ் ஸ்க்ரைபில் இவை உண்டு. உலாவியிலேயே இயங்கும் ஓடிரான்ஸ்கிரைப் இலவசமானது; எஸ்கேப் விசையில் ஒலி நிற்கும், கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் டைம்ஸ்டாம்ப் விழும். ஒலிக்கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போகாது என்பது இதில் கூடுதல் நிம்மதி. ஆனால் எழுதியது உலாவியின் நினைவகத்தில்தான் நிற்கும். உலாவியைச் சுத்தம் செய்தால் எழுதியதும் போகும் என்பதால், ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்த ஒரு மாற்றத்துக்கு எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பின்னோக்கும் அளவை முதலில் 5 நொடி என்று வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே எழுதிய ஒரு வாக்கியத்தை முழுதாகக் கேட்க வேண்டியிருந்தது. 2 நொடிக்குக் குறைத்தபின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் காதில் விழுந்து, விட்ட இடம் பிடிபட்டது. இரண்டு வாரத்தில் 14 நிமிடம் 8 நிமிடமாக இறங்கியது.

மீதிக்குத்தான் ஃபுட் பெடல். மூன்று மிதிகள் கொண்ட தட்டு அது. நடு மிதியை அழுத்தியிருக்கும்வரை ஒலி ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பக்கத்து மிதிகள் பின்னுக்கும் முன்னுக்கும். தையல் இயந்திரத்தில் மோட்டார் பெடல் மிதித்துப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தமிழில் எழுதும்போது பெடலின் பயன் இன்னும் அதிகம், ஏனென்றால் தமிழ் உள்ளீட்டு மென்பொருளும் எழுத்தாக்க மென்பொருளும் ஒரே விசைக்குப் போட்டியிடுவது அவ்வப்போது நடக்கிறது. கால் அந்தச் சண்டையில் சேர்வதில்லை.

என் முதல் தவறு இங்கேதான். பெடலில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை, பழையது கிடைத்தால் போதும் என்று சொன்ன நான், அதன் இணைப்பு முனை என்னவென்று பார்க்கச் சொல்லவில்லை. அவர் வாங்கி வந்தது ஒன்பது ஊசி சீரியல் முனை கொண்ட பழைய பெடல். அவருடைய மடிக்கணினியில் அப்படி ஒரு துளையே கிடையாது. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு யூஎஸ்பி முனை கொண்ட ஒன்றை வாங்கினார். பழைய பெடல் வாங்குபவர்கள் முனையைப் பார்ப்பதோடு, தங்கள் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. வழுவழுப்பான தரையில் பெடல் முன்னே முன்னே நகர்ந்து போனது இன்னொரு தொல்லை. ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போட்டதும் நின்றது. முதல் வாரம் கணுக்கால் வலித்தது. குதிகால் தரையில் ஊன்றி, முன்பாதம் மட்டும் மிதியில் இருக்கும்படி நாற்காலியின் உயரத்தைக் குறைத்தபின் வலி போயிற்று.

ஹெட்போனும் கேட்கும் அளவும்

அவரிடம் விலையுயர்ந்த ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று பரிசாக வந்திருந்தது. இரைச்சல் நீக்கும் வசதி உள்ளது. பதிவில் மின்விசிறிச் சத்தம் இருக்கிறது, இந்த ஹெட்போன் இரைச்சலை நீக்கும், ஆகவே இதுவே போதும் என்று அவர் நினைத்திருந்தார். பலரிடம் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த வசதி நீக்குவது கேட்பவர் உட்கார்ந்திருக்கும் அறையின் இரைச்சலை. ஹெட்போனின் வெளிப்புற மைக் அறையின் சத்தத்தை வாங்கி, அதற்கு எதிரான அலையை உண்டாக்குகிறது. பதிவுக்குள்ளேயே இருக்கும் மின்விசிறி அதற்குப் பேச்சைப் போலவே ஓர் ஒலிதான். பத்திரமாகக் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

ப்ளூடூத்தில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. பெடலை அழுத்துவதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கிறது. பாட்டுக் கேட்கையில் தெரியாத அது, மணிக்கு நூற்றுக்கணக்கான முறை நிறுத்தி ஓடவிடும்போது காலுக்கும் காதுக்கும் இடையே ஒரு இழுபறியாகிவிடுகிறது. மேலும், ஏதாவது ஒரு செயலி அந்த ஹெட்போனின் மைக்கைத் திறந்துவிட்டால், இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி, ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்குச் சரிந்துவிடும். அவர் பல நாள் "இந்தக் கிளையன்ட்டோட ஆடியோ மட்டும் திடீர்னு மந்தமாயிடுது" என்று சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம், பின்னணியில் திறந்திருந்த ஒரு மீட்டிங் செயலி.

வயர் உள்ள, காதை முழுதாக மூடும், பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, கூட்டிக் காட்டாத ஹெட்போன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். 1991 முதல் விற்பனையில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒலிப்பதிவுக் கூடங்களில் அதைப் பார்க்கலாம். பாட்டுக்கு இனிமை சேர்க்கும் கனத்த பாஸ், பேச்சில் மெய்யெழுத்துகளின் மேல் போர்வை போர்த்திவிடுகிறது. நாளெல்லாம் தலையில் இருக்கப்போகும் பொருள் என்பதால், எடையையும் காது மெத்தையை மாற்ற முடியுமா என்பதையும் ஒலித்தரத்துக்கு இணையாகவே பார்த்தோம்.

புரியாத சொல் வந்ததும் ஒலியளவை ஏற்றுவது அவருடைய பழக்கம், இறக்க மறப்பதும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 91 டெசிபெலில் 2 மணி நேரம்தான். காதை முதலாக வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை. ஏற்றுவதற்குப் பதிலாக, கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, பேச்சின் மெய்யொலிகள் தெளிவுபெறும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைச் சற்று உயர்த்தக் கற்றுக்கொண்டார். மின்விசிறியின் உறுமல் பெருமளவு அடங்கியது. அதே மென்பொருளில் உள்ள இரைச்சல் குறைப்பானை அளவுக்கு மீறிப் போட்டால் பேச்சு தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும் என்பதை ஒரு முறை செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார். தொலைபேசி வழியாகப் பதிவானவற்றில் செய்வதற்கு அதிகம் இல்லை. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும் என்பதால், அதற்கு மேலிருக்கும் ஸ, ஃப ஒலிகளின் அடையாளம் பதிவிலேயே கிடையாது. இல்லாததை எந்த மென்பொருளும் கூட்டித் தர முடியாது.

17:08

16 நிமிடத்துக்கு வருவோம். திரும்பத் திரும்பக் கேட்பது கருவியால் தீரும் விஷயமாக இல்லை.

மூன்றாவது கோப்பு ஒரு பட்டறை ஊழியர்களோடு நடந்த கலந்துரையாடல். பதினேழாவது நிமிடம் எட்டாவது நொடியில் ஒருவர் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார். நம்மவர் எழுதியிருந்தது: "சத்தம் வந்தாலும் மெஷினை நிறுத்தல." வந்த தொனியில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம். நான் அவருடைய எழுத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, ஒலியை ஓடவிட்டுச் சரிபார்த்தேன்; எனக்கும் "நிறுத்தல" என்றுதான் கேட்டது. சரி என்று குறியிட்டேன். இது என் இரண்டாவது தவறு.

இரண்டு நாள் கழித்து, அந்தக் கோப்பில் வேறொன்றைத் தேடும்போது, எழுத்து கண்முன் இல்லாமல் அதே இடத்தைக் கேட்க நேர்ந்தது. "சத்தம் வந்தாலும் மெஷினை நிறுத்தலாம்" என்று இருந்தது. அடுத்து வந்த வாக்கியம் அதை உறுதி செய்தது: "ஆனா அப்புறம் யாரு பதில் சொல்றது?" பேச்சுத்தமிழில் "நிறுத்தலாம்" என்பதன் இறுதி மகரம் தனி ஒலியாக வருவதில்லை, அதற்கு முன்னிருக்கும் ஆகாரம் மூக்கொலியாக நெகிழ்ந்து முடிந்துவிடுகிறது. "நிறுத்தல" என்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, ஓர் உயிரின் நீளமும் மெல்லிய மூக்கொலியும் மட்டுமே. மின்விசிறி ஓடும் அறையில், மேசையின் மறுமுனையில் வைத்த கைப்பேசியில் அந்த மூக்கொலி கரைந்துபோயிருந்தது. பொருளோ நேர் எதிர்: ஒன்று செய்யாமல் விட்டதைச் சொல்கிறது, மற்றது செய்ய உரிமை உண்டு என்கிறது. அதை வைத்து ஆய்வறிக்கை எழுதுபவரிடம் எது போய்ச் சேர்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இருவரும் ஏன் ஒரே தவறைச் செய்தோம் என்பதற்கு 1970-இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் வெளியிட்ட ஒரு சோதனை விளக்கம் தருகிறது. ஆங்கில வாக்கியம் ஒன்றில் "லெஜிஸ்லேச்சர்ஸ்" என்ற சொல்லின் நடுவிலிருக்கும் ஸகர ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்துக் கேட்கச் செய்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபட்டதாக உணரவில்லை. இல்லாத ஒலியை மூளை எதிர்பார்ப்பிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. எழுத்து கண்முன் இருக்கும்போது அந்த எதிர்பார்ப்பு இன்னும் உறுதியாகிவிடுகிறது. அவருடைய எழுத்தே என் காதுக்குள் புகுந்து பேசியது.

அதிலிருந்து இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். ஐயமுள்ள இடத்தை மூன்று முறைக்கு மேல் அங்கேயே நின்று கேட்பதில்லை. டைம்ஸ்டாம்பும் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கோப்பு முழுதும் முடிந்தபின், முடிந்தால் மறுநாள், எழுத்தை மூடிவைத்துவிட்டு, ஐந்து நொடி முன்னாலிருந்து ஐந்து நொடி பின்வரை கேட்டு, காதில் விழுந்ததைத் தனித்தாளில் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். பேசுபவரின் குரலும் உச்சரிப்பும் அதற்குள் பழகியிருக்கும் என்பதால், பாதிக்கு மேற்பட்ட கேள்விக்குறிகள் இரண்டாம் சுற்றில் முதல் கேட்பிலேயே அவிழ்ந்தன. வேகத்தைக் குறைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 17:08-ஐ அவர் 60 விழுக்காடு வேகத்தில் கேட்டிருந்தார். அந்த வேகத்தில் குறிலும் நெடிலைப் போல நீண்டு, உயிரின் நீளத்தைக் காது நிதானிக்க முடியாமல் போயிற்று. இயல்பான வேகத்தில்தான் வேறுபாடு தெரிந்தது. எழுதுவதற்கு 80 விழுக்காடு, ஐயம் தீர்க்க முழு வேகம் என்று இப்போது வைத்திருக்கிறார்.

ஒரே நேரத்தில் இருவர் பேசும் இடங்கள் வேறு வகை. 1953-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செரி செய்த சோதனைகளில், இரண்டு பேச்சுகளைக் கலந்து இரு காதுக்கும் கொடுத்தால் பிரித்தறிவது கடினமாகவும், காதுக்கு ஒன்றாகக் கொடுத்தால் எளிதாகவும் இருந்தது. கோப்பு ஸ்டீரியோவாக இருந்து, இரண்டு மைக்கும் தனித்தனித் தடத்தில் இருந்தால், ஒரு தடத்தை அடைத்துவிட்டு மற்றதைக் கேட்டால் வேலை முடிந்தது. மோனோவாகக் கலந்துவிட்ட பதிவில் அந்த வழி இல்லை. ஆகவே ஸ்டீரியோ மூலக்கோப்பு இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறார். இருந்தும் அனுப்பாமல், சுருக்கிய மோனோ எம்பி3-ஐ அனுப்புபவர்கள் நிறைய.

எழுதுவது எந்தத் தமிழ்

திரும்பி வந்த 31 திருத்தங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 19 தவறாகக் கேட்டதால் வந்தவையே இல்லை. பேசியவர் "வந்துட்டாங்க" என்று சொல்லியிருக்க, அவர் "வந்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். சில பக்கம் தள்ளி "போய்ட்டாங்க" என்று அப்படியே விட்டிருந்தார். வாடிக்கையாளருக்குப் பேசியபடியே வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் எழுத்தாக்கம் செய்பவர்கள் இரண்டு வகை சொல்வார்கள்: திக்கல், தயக்கம், பாதியில் விட்ட சொல் உட்பட எல்லாவற்றையும் எழுதும் முழு வெர்பாட்டிம், அவற்றை நீக்கி, சொன்னதை மாற்றாமல் எழுதும் கிளீன் வெர்பாட்டிம். உரையாடலையே ஆய்வுப்பொருளாகக் கொள்பவர்கள், இடைவெளியின் நொடியைக்கூட அடைப்புக்குறிக்குள் குறிக்கும், கெய்ல் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறையைக் கேட்பதும் உண்டு. தமிழில் இவற்றோடு இன்னொரு அச்சும் சேர்கிறது, ஏனென்றால் நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு. தயக்கங்களை நீக்கிய பேச்சுத்தமிழும் ஒரு வகை. தயக்கங்களை நீக்கிய எழுத்துத்தமிழும் ஒரு வகை. "கிளீன்" என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் வாடிக்கையாளரிடம், ஒரே நிமிட ஒலியை இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டி, எது வேண்டும் என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து நிமிட வேலை, 19 திருத்தங்களை மிச்சப்படுத்துகிறது.

நீக்குவதிலும் காது வேண்டும். "அவர் வந்து சொன்னார்" என்பதில் வரும் "வந்து" சில நேரம் இட்டுநிரப்பும் சொல், சில நேரம் அவர் உண்மையாகவே நேரில் வந்தார் என்பது. முன்னதில் "வந்து"வுக்குப் பிறகு சிறு இழுவையோ நிறுத்தமோ இருக்கும். பின்னதில் "வந்து சொன்னார்" ஒரே மூச்சில் ஓடும். கண்ணால் மட்டும் திருத்துபவர் இதைத் தவறவிடுவார். அதைப் போலவே "ம்ம்" ஆமோதிப்பு, "ம்ஹூம்" மறுப்பு. இரண்டையும் ஒரே ஒலிக்குறிப்பாக நினைத்து நீக்கிவிட்டால், நேர்காணல் செய்தவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லாமல் போய்விடும். இவற்றையெல்லாம் ஒரு பக்கத் தாளில் எழுதி, வாடிக்கையாளருக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டார்: பேசுபவர்களை எப்படிக் குறிப்பது, எண்களை எப்படி எழுதுவது, ஆங்கிலச் சொற்கள் எந்த எழுத்தில், கேட்காத இடத்தில் என்ன குறி, டைம்ஸ்டாம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை. பெயர்களும் கலைச்சொற்களும் அந்தத் தாளிலேயே சேர்ந்துகொண்டு வந்ததால், அதே வாடிக்கையாளரின் இரண்டாவது கோப்பில் தேடும் நேரம் தானாகக் குறைந்தது.

தட்டச்சு, மறுபடியும்

இவ்வளவுக்கும் பிறகுதான் தட்டச்சுக்கு வந்தோம். அதிலும் வாங்க எதுவும் இருக்கவில்லை. பேசுபவர் பெயர், அடிக்கடி வரும் தொடர்கள், தெளிவில்லை என்ற குறி ஆகியவற்றை இரண்டெழுத்துச் சுருக்கங்களாக வேர்டின் தானியங்கித் திருத்தப் பட்டியலில் சேர்த்தார்.

தமிழை அவர் ஆங்கில எழுத்துகளில் அடித்து மாற்றிக்கொண்டிருந்தார். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பில் அகரம் மெய்யோடு தானாக வருகிறது, ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானாகப் புள்ளி பெறுகிறது, "ந்த", "ண்ட" போன்ற இணைகளிலும் அப்படியே. "பக்கத்தில்" என்பதற்கு அவர் முன்பு அடித்தது 11 விசை, தமிழ்99-இல் 8. நாளெல்லாம் அடிப்பவருக்கு இது பெரிய மிச்சம். ஆனால் பழகுவதற்கு விலை உண்டு: முதல் மூன்று வாரம் பழைய வேகத்தில் பாதிதான் வந்தது. கைவசம் கெடுவுள்ள வேலை இருக்கும்போது அதில் இறங்கக் கூடாது என்று, நாளுக்கு அரை மணி நேரம், பழைய கோப்புகளில் மட்டும் பழகினார்.

இரண்டு கோப்புகளில் தானியங்கி எழுத்தாக்கத்தையும் முயன்று பார்த்தோம். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்ற மாதிரி. கணினியிலேயே நிறுவி ஓட்டலாம் என்பதால் வாடிக்கையாளரின் கோப்பை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. தெளிவான ஆங்கிலக் கூட்டப் பதிவில் அது தந்த வரைவு உண்மையிலேயே நேரத்தைக் குறைத்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில், திருத்துவது முதலிலிருந்து எழுதுவதைவிட நீண்டது. எனக்கு அதைவிடக் கவலை தந்தது, யாரும் பேசாத மௌனமான ஓர் இடத்தில் அது வாக்கியமொன்றை எழுதி வைத்திருந்தது. இயந்திரத்தின் பிழை இலக்கணச் சுத்தமாக வருகிறது. 17:08-இல் என் காது ஏமாந்ததற்கு அவருடைய ஒரு வரி போதுமானதாக இருந்தது. இங்கே முழுக் கோப்பும் அப்படி ஒரு வரியாக வந்து கண்முன் நிற்கிறது. காது பழகாதவர் வரைவைத் திருத்தும் வேலையில் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐந்து மாதம் கழித்து

ஐந்தாம் மாத முடிவில் முதல் கோப்பைப் போன்றே இருவர் பேசும் 50 நிமிட நேர்காணல் ஒன்றை 4 மணி 35 நிமிடத்தில் முடித்தார், 5.5 மடங்கு. மறுபடி ஒரு மணி நேரத்தைப் பதிவு செய்து பிரித்தோம். தட்டச்சு 27 நிமிடம், ஒலிக் கட்டுப்பாடு 4, மறுபடி கேட்டல் 15, சரிபார்ப்பு 10, மற்றவை 4. சரிபார்க்கும் நேரம் கூடியது இரண்டாம் சுற்று அதில் சேர்ந்ததால். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒலியின் நிமிடத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவர் செலவிடும் ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஐந்தரை நிமிடத்துக்கான கூலி கிடைத்தது, இப்போது ஏறத்தாழ 11 நிமிடத்துக்குக் கிடைக்கிறது. தட்டச்சின் பங்கு பாதிக்கு அருகே வந்துவிட்டதால், அவர் முதலில் வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது; அதன் சத்தம் காதை மூடிய ஹெட்போனையும் தாண்டி வருகிறது என்பதால், விசைகளுக்கு அடியில் ரப்பர் வளையங்கள் போட்டிருக்கிறார்.

மேம்படாதவையும் உண்டு. ஐந்து பேர் பேசும் கூட்டங்களில் குரல் பிரித்தறிவது இன்னும் அவருக்குக் கைவரவில்லை. அப்படிப்பட்ட ஒரு கோப்பை நான்கு மணி நேரம் போராடியபின் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு எந்தக் கோப்பையும் ஒப்புக்கொள்வதற்கு முன், நடுவிலிருந்து இரண்டு நிமிடத்தை வாங்கிக் கேட்டுப் பார்க்கிறார். தொடக்கத்திலிருந்து வாங்கினால் ஏமாற்றம்தான். பதிவின் முதல் நிமிடத்தில் எல்லோரும் மைக்குக்கு அருகே, முறையாகப் பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

போன வாரம் அவர் அனுப்பிய கோப்பில் ஓர் இடத்தில் "[தெளிவில்லை 00:31:46]" என்று இருந்தது. எழுத்தை மூடிவிட்டுக் கேட்டேன். எனக்கு ஒரு சொல் கேட்டது. "அக்கா, எனக்கும் முதல்ல அப்படித்தான் கேட்டுச்சு. மறுநாள் கேட்டப்ப வேற மாதிரி இருந்துச்சு" என்றார். மறுநாள் நானும் கேட்டேன். குறியை அப்படியே விட்டு அனுப்பிவிட்டோம்.